மெய்ப்பாடும் சமுதாயமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. முகத்தைக் கண்டு மனத்தை அறியலாம் என்ற இந்நம்பிக்கை ஏறக்குறைய எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. நம் காலத்திலோ அது ஒரு வியாபாரமாகவும் வளர்ந்துவிட்டது. ஆளுமை விருத்தி வகுப்பு என்ற பெயரிலே, கைகுலுக்கும் முறை, கண்ணோடு கண் நோக்கிப் பேசும் முறை, கதிரையில் அமரும் முறை ஆகியவையெல்லாம் பணத்துக்குக் கற்பிக்கப்படுகின்றன. எதிரே நிற்பவன் கையைக் கட்டியிருந்தால் அதற்கு ஒரு பொருள்; மூக்கைத் தொட்டால் வேறொரு பொருள். இவற்றைக் கற்றுத் தேர்ந்தவன் எவரையும் வசீகரிக்கலாம் என்றும், வசீகரம் உள்ளவனே வாழ்க்கையில் முன்னேறுவான் என்றும் சொல்லப்படுகின்றது.

இவ்வகுப்புகளில் எழுப்பப்படாத வினா ஒன்றுண்டு. எந்த மனிதனின் உடலைப்பற்றி நாம் பேசுகின்றோம்? அவன் யார் முன்னிலையில் நிற்கின்றான்? கையைக் கட்டி நிற்பவன் கந்தோரில் மேலதிகாரியின் முன் நிற்கும் சிற்றூழியனாயின் அந்தக் கட்டிய கைக்குப் பொருள் ஒன்று. அவனை நிறுத்திவைத்துப் பேசும் அதிகாரியே கையைக் கட்டினால் அதற்குப் பொருள் முற்றிலும் வேறு. அசைவு ஒன்றே. அதற்குப் பொருளைக் கொடுப்பது அவ்விருவருக்கும் இடையிலுள்ள உறவு. உடலின் மொழிக்கு ஓர் இலக்கணம் உண்டென்றால் அவ்விலக்கணத்தை எழுதியது சமுதாயமே என்பதும், அதன் விதிகளை மாற்றியவர்களும் மனிதரே என்பதும் வரலாறு நமக்குக் காட்டும் உண்மைகள். அவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலின் குறிகளுள் இயற்கையானவை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. சாள்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளியிடும் வகைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் 16 வினாக்களைத் தொகுத்து, உலகின் பல பாகங்களிலும் வாழ்ந்த பாதிரிமாருக்கும் உத்தியோகத்தருக்கும் அனுப்பியிருந்தார். இலங்கையிலிருந்தும் கிளெனி என்னும் பாதிரியார் அவ்வினாக்கள் சிலவற்றுக்கு விடை எழுதினார். வியப்பு, சினம், அச்சம், துயரம் முதலிய பேருணர்ச்சிகள் எல்லா இனத்தவரிடத்தும் பெரும்பாலும் ஒரே வகையாக வெளிப்படுகின்றன என்று டார்வின் முடிவு செய்தார். மனித இனம் ஒன்றே என்ற கொள்கைக்கு இது ஒரு சான்றாயிற்று. ஆயினும் எல்லாக் குறிகளும் அவ்வாறு பொதுவானவை அல்ல என்பதையும் அவர் கண்டார். ஆம் என்பதற்குத் தலையை மேலுங் கீழும் அசைத்தலும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டில் அசைத்தலும் உண்டா என்பது அவருடைய இறுதி வினா. நம்மவரோ தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டி இசைவு தெரிவிக்கின்றோம். புதிதாக வந்த அந்நியன் அதைக் கண்டு மயங்குகின்றான்.

அச்சம் வந்தால் உடல் நடுங்குவது இயற்கை. ஆனால் யாரைக் கண்டு யார் நடுங்குதல் வேண்டும் என்பதை இயற்கை விதிப்பதில்லை. டார்வின் கேளாத அவ்வினாவைத் தமிழ் இலக்கண மரபு தன் போக்கிலே தொட்டுச் சென்றிருப்பதை இங்கு நாம் கவனித்தல் தகும்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதை எட்டாக வகுக்கின்றது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களங்கள் கூறப்படுகின்றன. கண்ணீர் எவ்வாறு வழியும், புருவம் எவ்வாறு நெரியும் என்று குறிகளை அடுக்குவதோடு அவ்வாசிரியர் அமையவில்லை. எதனால் அவை தோன்றுகின்றன என்று காரணத்தை முதலில் நிறுத்துகின்றார். அழுகையின் காரணங்களுள் இழப்போடு வறுமையும் இடம்பெறுகின்றது. வெகுளியின் காரணங்களுள் ஒருவனது உறுப்பை அறுத்தலும் குடியை அலைத்தலும் கொலையும் எண்ணப்படுகின்றன. அச்சத்துக்கான காரணங்களோ நம் சிந்தனையைத் தூண்டுவன. தெய்வம், விலங்கு, கள்வர் ஆகிய மூன்றோடு நான்காவதாக வைக்கப்படுவது ஒருவனுடைய சொந்தத் தலைவன், அதாவது அவனை ஆளும் இறை. கொடிய விலங்கையும் கள்வரையும் எண்ணிய வரிசையிலேயே ஆள்வோனையும் எண்ணிய அவ்விலக்கணாசிரியர் தம் காலத்துச் சமுதாயத்தை நன்கு அறிந்திருந்தார் என்றே நாம் கொள்ளுதல் வேண்டும். பெருமிதத்துக்கு அவர் கூறும் நிலைக்களங்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. இந்நான்கையும் நாம் பின்னரும் நினைவுகூர நேரும்.

திருக்குறளிலே குறிப்பறிதல் என்ற பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றது காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். ஒரே தலைப்பு இரண்டிடத்து வருவது தற்செயலானதன்று. முன்னதற்கு அணித்தாக நிற்பது மன்னரைச் சேர்ந்தொழுதல் என்னும் 70ஆம் அதிகாரம். அரசனிடம் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் பழகுதல் வேண்டும். அவன் முன்னிலையில் பிறரோடு காதிற் பேசுதலும் சேர்ந்து நகைத்தலும் ஆகா என்றெல்லாம் அது அமைச்சருக்கு அறிவுரை கூறுகின்றது. இதனை அடுத்தே முகத்தை நோக்கி உள்ளத்தை அறியும் கலை பேசப்படுகின்றது. அரசவையில் குறிப்பறிதல் யாருக்குத் தேவைப்பட்டது என்பது இவ்வைப்பு முறையாலேயே விளங்கும். அமைச்சன் அரசனுடைய முகத்தைப் படித்தான். அரசன் படிக்கத் தவறினால் ஒரு நல்ல ஆலோசனையை இழப்பான். அமைச்சன் தவறினால் தலையையே இழத்தல் கூடும்.

காமத்துப்பாலிலே நிலைமை வேறு. அங்கே இருவரும் நோக்குகின்றனர், இருவரும் நோக்கப்படுகின்றனர். பார்வை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ செல்லாமல் இருவருக்கும் நடுவே உலவுகின்றது. ஆயினும் அங்கும் பெண்ணின் பார்வை பெரும்பாலும் களவாகவே நிகழ்கின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. நேரே நிமிர்ந்து நோக்கும் உரிமை அக்காலத்தும் எல்லோர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை.

குறிப்பறியும் திறமை தாழ்த்தப்பட்டவர்களிடமே கூர்மையடைகின்றது என்பதற்கு நம் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆண் தோளிற் சால்வையோடு உயர்த்தப்பட்டோர் முன்னிலையிற் செல்லலாகாது. எதிரே வருபவரைக் கண்டதும் சால்வை தோளிலிருந்து இறங்கிக் கமுக்கட்டுக்கோ அரைக்கோ போய்விடுதல் வேண்டும். செருப்புக் கழற்றப்படுதல் வேண்டும். குடை மடக்கப்படுதல் வேண்டும். பெண்கள் மேற்சட்டை அணிதல் தடுக்கப்பட்டது. நரைத்த தலையுடைய முதியவரைப் பத்து வயதுப் பிள்ளை 'நீ' என்றும் 'அவன்' என்றும் அழைக்கும். அம்முதியவர் அப்பிள்ளையை 'நயினார்' என்று அழைத்தல் வேண்டும். தேநீர்க் கடைகளிலே அவர்களுக்கு வாங்கு கிடையாது. தேநீர் போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ ஊற்றப்பட்டது.

இவையனைத்தும் உடலால் எழுதப்பட்ட ஒரு மொழி. அதனைப் பிழையின்றிப் பேசும் கடமை ஒரு சாராருக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது. வளவுக்காரர் எந்த மனநிலையில் வாசலுக்கு வருகின்றார், அவர் செருமலில் இருப்பது கோபமா, வெறும் சளியா என்பதை முற்றத்தில் நின்றவர் அறிந்திருத்தல் வேண்டும். பிழையாகப் படித்தவர் அடி வாங்கினார். முற்றத்தில் நிற்பவரின் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை வளவுக்காரருக்கு ஒருபோதும் ஏற்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர் கண்டது குனிந்த தலைகளையே. ஆதலால் அம்மக்கள் மனநிறைவோடு இருக்கின்றனர் என்று அவர் மெய்யாகவே நம்பவும் கூடியதாயிருந்தது. குனிந்த தலையின் கீழுள்ள முகம் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இவ்விலக்கணம் எவ்வளவு பிடிவாதத்தோடு காக்கப்பட்டது என்பதை அதை மீறியவர்களுக்கு நேர்ந்தவற்றைக் கொண்டு அறியலாம். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலிருந்தே போராடினர். அவர்கள் வீதியிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டிலே திருவிதாங்கூர் அரசு மேலாடை அணிய அனுமதி வழங்கியபோதும், உயர்த்தப்பட்ட சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதலாகாது என்ற கட்டுப்பாட்டை விடவில்லை. துணியை அணிதல் குற்றமன்று என்று ஒப்புக்கொண்ட பின்னரும், சமமாக அணிதல் குற்றமாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்திலே இப்போராட்டம் முதலில் பாடசாலை வாங்குகளில் நிகழ்ந்தது. சில பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்தே படிக்க வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரல் எழுப்பியது. 1920களின் இறுதியிலே, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. விண்ணப்பங்கள் எழுதப்பட்டன, பிள்ளைகள் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டனர், பாடசாலைக் கட்டிடங்கள் சில தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு சிறுவன் நிலத்திலிருந்து எழுந்து ஒன்றரை அடி உயரமுள்ள வாங்கில் அமர்வதற்காகக் கல்விக்கூடத்தையே எரிக்கத் துணிந்தனர் என்றால், அந்த ஒன்றரை அடியில் அடங்கியிருந்தது எத்துணைப் பெரிய அதிகாரம் என்பதை உணரலாம்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளை விதித்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலிருந்து வீதிக்கு வருவதற்கு மேலும் போராட்டங்கள் தேவைப்பட்டன. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின்மீது பொலிசார் தடியடி நடத்தினர். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஆலயப் பிரவேசம் கோரி அமர்ந்தோர் தடுக்கப்பட்டனர், தாக்கவும்பட்டனர். தேநீர்க் கடை வாங்கில் அமர்தல், மற்றவர் குடிக்கும் கிளாசிலேயே குடித்தல், கோவில் வாசலைத் தாண்டி அடியெடுத்து வைத்தல் ஆகியவையே அப்போராட்டங்களின் கோரிக்கைகள். அனைத்தும் உடலின் செயல்கள். நாள்தோறும் எவரும் செய்யும் மிகச் சாதாரணமான செயல்கள்.

இத்தகைய உடலிலக்கணம் நம்மவர்க்கு மட்டும் உரிய பழியன்று. பிரான்சிலே பதினான்காம் லூயி மன்னன் காலத்து வெர்சேய் அரண்மனையில், அரசியின் முன்னிலையில் முக்காலியில் அமரும் உரிமைக்காகப் பிரபுகுலப் பெண்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். பெரும் பிரபுக்களின் மனைவியர் அமரலாம்; மற்றையோர் நிற்றல் வேண்டும். இங்கிலாந்திலே மேலோரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுதல் சட்டத்துக்கு நிகரான வழக்கமாயிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், இறைவனுக்கன்றி வேறெவருக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை என்று உறுதிபூண்டனர். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேற்றுமையின்றி எல்லோரையும் ஒருமைச் சொல்லாலேயே விளித்தனர். இதற்காக அவர்கள் அடிபட்டனர், சிறை சென்றனர்.

1670ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றமொன்றில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரு குவேக்கர்கள் விசாரிக்கப்பட்டனர். வீதியில் சமயப் பிரசங்கம் செய்து கூட்டம் கூட்டினர் என்பதே குற்றச்சாட்டு. அவர்கள் உள்ளே வந்தபோது காவலர் அவர்களுடைய தொப்பிகளை எடுத்துவிட்டிருந்தனர். நீதிபதிகள் அத்தொப்பிகளைத் திரும்ப அவர்கள் தலையில் வைக்குமாறு கட்டளையிட்டனர்; வைத்த பின்னர், தொப்பியைக் கழற்றாமல் நீதிமன்றத்தை அவமதித்தனர் என்று கூறி ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம் விதித்தனர். வணக்கத்தின் உண்மைச் சொரூபத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது. நீதிபதிகளுக்கு வேண்டியிருந்தது வெறுந்தலையன்று. தலை வெறுமையாவதை அவர்கள் காணவேண்டும் என்பதே.

இனி வசீகரத்துக்கு வருவோம். ஒருவர் அவைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் அவர்பால் திரும்புகின்றது. அவர் சொல்லை மறுக்க மனம் வருவதில்லை. இதனை நம்மவர் முகராசி என்பர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல், அருட்கொடை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிறித்தவ வேதத்திலே பவுல் எழுதிய நிருபங்களில் அது ஆண்டவன் அருளிய வரத்தைக் குறித்தது. சமூகவியலுக்கு அச்சொல்லைக் கொணர்ந்தவர் ஜேர்மனிய அறிஞர் மாக்ஸ் வெபர். அவர் 1920இல் இறந்த பின்னர் வெளிவந்த 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்ற பெருநூலில், மரபால் வரும் அதிகாரம், சட்டத்தால் வரும் அதிகாரம் ஆகியவற்றோடு மூன்றாவதாக வசீகரத்தால் வரும் அதிகாரத்தை வைத்தார். அதில் அவர் வற்புறுத்திய கருத்தொன்று பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. வசீகரம் தலைவனிடத்து இருப்பதாகத் தோன்றினாலும், பின்பற்றுவோர் அதை ஏற்று ஒப்புக்கொள்ளும் வரையிலேதான் அது நிலைக்கும். ஆகவே, கூட்டத்தார் எதற்காக ஏங்கி நிற்கின்றனர் என்பதை அறியாமல் ஒருவருடைய வசீகரத்தை விளக்க முடியாது.

இவ்வேக்கத்தைக் கொள்ளையிடவும் முடியும். 1920களில் ஹிட்லர் தன் மேடைச் சைகைகளை ஒத்திகை பார்த்தான். ஹொவ்மன் என்ற புகைப்படக்காரர் அவற்றைப் படம்பிடித்தார். உயர்த்திய கை, இறுக்கிய முட்டி, வானை நோக்கிய கண் ஆகிய ஒவ்வொன்றும் பயிலப்பட்டது. வேலையின்மையாலும் அவமானத்தாலும் வாடிய மக்கள் அவற்றில் தம் மீட்சியைக் கண்டதாக எண்ணினர். அதன் விளைவை உலகம் அறியும். மேடையில் ஒருவன் எவ்வளவு நிமிர்ந்து நிற்கின்றான் என்பது அளவுகோலாகாது. அவனைப் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்களா, வரிசையில் நின்று ஒரே சைகையைச் செய்யும் பொம்மைகளானார்களா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். மலையகத் தேயிலைத் தோட்டங்களும் தமக்கெனக் கடுமையானதோர் உடலிலக்கணத்தை உடையனவாயிருந்தன. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்கும் முறை, துரையைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டுச் சலாம் போடும் முறை, கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அளக்கும் மரியாதை எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. பங்களா குன்றின் மேலே, லயம் கீழே. பார்வையும் அவ்வாறே மேலிருந்து கீழாக இறங்கியது.

1936ஆம் ஆண்டில் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்தில் துரைத்தனம் பழகச் சேர்ந்தார். பிறப்பால் ஆங்கிலேயர். தொழிலாளரோடு துரைமார் காக்கவேண்டிய தூரத்தை அவர் காக்கவில்லை. அவர்கள் பக்கம் சாய்ந்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு ஏப்ரில் 3ஆந் திகதி நாவலப்பிட்டியில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில் கமலாதேவி சட்டோபாத்தியாய பேசினார். கலாநிதி என். எம். பெரேரா, நம்மிடம் ஒரு வெள்ளைத் தோழரும் இருக்கின்றார் என்று கூறிப் பிரேஸ்கேர்டிலைப் பேச அழைத்தார். அவர் எழுந்து, குன்றுகளின் மேல் தெரிந்த வெள்ளைப் பங்களாக்களைச் சுட்டிக்காட்டிப் பேசினார்.

அக்கூட்டத்தைப்பற்றித் தோட்டத்துரைமார் தரப்பில் எழுதப்பட்ட அறிக்கையொன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அவர் கூறிய குற்றச்சாட்டுகளோடு அவருடைய பேச்சு முறை, முகத்தோற்றம், நின்ற நிலை ஆகிய மூன்றுமே மிகவும் அச்சுறுத்துவனவாக இருந்தன என்று அது முறையிடுகின்றது. அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர் 'சாமி, சாமி' என்று ஆரவாரித்தனர் என்றும் அது கூறுகின்றது. ஒரே உடல், ஒரே நிலை, ஒரே கணம். அதைத் துரைமார் அச்சுறுத்தலாகப் படித்தனர். தொழிலாளர் ஆறுதலாகப் படித்தனர். குன்றின் மேலிருந்து தம்மை நோக்கி நீண்ட சுட்டுவிரல்களையே அதுவரை கண்டிருந்தவர்கள், முதன்முறையாக ஒரு வெள்ளைக்கரம் குன்றை நோக்கி நீள்வதைக் கண்டனர். அவருடைய வசீகரம் முழுவதும் அந்தத் திசை மாற்றத்தில் அடங்கியிருந்தது என்று கூறினும் மிகையாகாது.

தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். அவரோ தலைமறைவாகி, மே மாதத்தில் கொழும்பு காலிமுகத் திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் மேடையிலே தோன்றினார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்கு வித்தியாசத்தால் தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. பின்னர் கைது செய்யப்பட்ட அவரை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவையெல்லாம் நன்கறியப்பட்ட செய்திகள்.

ஆயினும் இந்நிகழ்ச்சியை வெறும் வீரக்கதையாக மட்டும் நாம் படித்தலாகாது. தோழர் என அறிமுகப்படுத்தப்பட்டவரைத் தொழிலாளர் 'சாமி' என்றே அழைத்தனர். உடல் நிமிரத் தொடங்கிய பின்னரும் நாவில் பழைய விளி ஒட்டியிருந்தது. மேலும், அதே மேடையில் அதே சொற்களைப் பேசியவர் ஒரு தோட்டத் தொழிலாளியாக இருந்திருப்பின், அரசாங்க சபையும் உயர்நீதிமன்றமும் அவருக்காகக் கூடியிருக்குமா? மூன்றாண்டுகள் கழியுமுன்னர், 1940ஆம் ஆண்டு ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். வெள்ளைத் தோழரின் நிமிர்வு நாட்டைக் கடக்கும்படி ஒரு கட்டளையைப் பெற்றது. கோவிந்தனின் நிமிர்வு குண்டைப் பெற்றது. யாருடைய வசீகரம் ஏட்டில் ஏறுகின்றது, யாருடையது ஏறுவதில்லை என்பதையும் சமுதாயமே தீர்மானிக்கின்றது.

இவ்வரலாற்றை நினைவிற்கொண்டு நம் காலத்து வசீகர வியாபாரத்துக்குத் திரும்புவோம். நண்பர்களைச் சம்பாதிக்கும் வழிபற்றி டேல் கார்னகி எழுதிய புகழ்பெற்ற நூல் அமெரிக்காவில் வெளிவந்தது 1936ஆம் ஆண்டில். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் நிறைந்திருந்த காலம் அது. வேலை தேடி நின்றவனுக்குப் புன்னகை ஒரு மூலதனமாகக் காட்டப்பட்டது. ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் வெளியிட்ட நூலொன்றில், விமானப் பணிப்பெண்கள் புன்னகை செய்யப் பயிற்றப்படுவதை ஆராய்ந்து, உணர்ச்சியே ஒரு கூலியுழைப்பாகிவிட்டதை எடுத்துக்காட்டினார். வாசலில் நின்றவர் சால்வையை இறக்கியதற்கும், கடையில் நாள்முழுதும் நிற்கும் பெண் வாடிக்கையாளரின் வசையைக் கேட்டுப் புன்னகைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இவருக்குச் சம்பளம் உண்டு, வேலையை விட்டுச் செல்லும் உரிமையும் உண்டு. ஆனால் அந்த முகம் அவருக்குச் சொந்தமானதா என்ற வினா இரண்டிடத்தும் ஒன்றே.

இவ்வியாபாரம் அறிவியலின் பெயரையும் கடன் வாங்குகின்றது. நாம் தெரிவிப்பதில் 7 வீதமே சொல், 38 வீதம் குரல், 55 வீதம் முகம் என்ற கணக்கு அடிக்கடி கூறப்படுகின்றது. இது மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது. தனிச்சொற்களைக் கேட்பித்தும் முகப்படங்களைக் காட்டியும், விருப்பு வெறுப்பு எவ்வாறு உணரப்படுகின்றது என்பதையே அவர் சோதித்தார். மனிதர் பேச்சு முழுவதற்கும் அக்கணக்கைப் பொருத்துதல் தவறு. பொய் பேசுவோனை அவன் தோற்றத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் அவ்வாறே. அதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பொண்ட், டிபோலோ என்ற இருவர் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, மனிதர் சரியாகக் கண்டது சராசரி 54 வீதமே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் 50 வீதம் கிடைக்கும். பார்வையைத் தாழ்த்துபவன் பொய்யன் என்று நம்பும் அதிகாரிமுன், தலைமுறையாகப் பார்வையைத் தாழ்த்தப் பழக்கப்பட்ட ஒருவன் போய் நின்றால் என்ன நேரும்? அவனைக் குனியவைத்த சமுதாயமே, குனிந்தான் என்பதற்காக அவனைச் சந்தேகிக்கும்.

அவ்வாறாயின் பிறர் குறிப்பறிதல் வேண்டாத கலையா? இல்லை. அது நம் அன்றாட வாழ்வுக்கு மிகவும் வேண்டிய கலை. ஆனால் அதன் திசை மாறுதல் வேண்டும். இதுவரை கீழே நின்றவரே மேலே இருப்பவரின் முகத்தைப் படித்தார். இனி மேலே அமர்ந்திருப்பவர் படிக்கக் கற்றல் வேண்டும். ஆசுபத்திரியில் வைத்தியரின் மேசைமுன் நோயாளி ஏன் பாதி சொல்லிப் பாதி விழுங்குகின்றார்? வகுப்பிலே விடை தெரிந்த பிள்ளை ஏன் கையை உயர்த்தாமல் இருக்கின்றது? கந்தோருக்கு வந்த தோட்டத் தொழிலாளி, வெற்றுக் கதிரை எதிரே இருக்க ஏன் நின்றுகொண்டே பேசுகின்றார்? இவற்றைக் காணும் கண்ணே குறிப்பறிந்த கண். கண்ட பின்னர், இருங்கள் என்று ஒரு கதிரையைக் காட்டுவதற்கும், வயதில் மூத்தவரை நீங்கள் என்று அழைப்பதற்கும், பேசுபவர் முடிக்கும்வரை கேட்பதற்கும் எந்த வகுப்பும் தேவையில்லை. இவை சிறியன எனத் தோன்றலாம். ஒரு வாங்கின் உயரத்துக்காகப் பாடசாலைகள் எரிந்த நாட்டில் வாழும் நாம் இவற்றைச் சிறியன என்று ஒதுக்க நியாயமில்லை.

பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற அந்நான்கில் பிறப்பும் இல்லை, செல்வமும் இல்லை, பயின்ற புன்னகையும் இல்லை. கல்வி எல்லோர்க்கும் கிட்டும்போது, அஞ்சுதற்குரிய இறை எவர்க்கும் இல்லாதபோது, உழைப்புக்கு உரிய மதிப்பு வழங்கப்படும்போது, கொடுக்கும் நிலையில் ஒவ்வொருவரும் இருக்கும்போது, மனிதர் தாமாகவே நிமிர்ந்து நிற்பர். அந்நிலையை ஆக்குவதற்கு உழைப்பதே வசீகரத்தைப் பொதுவுடைமையாக்கும் வழி. அதுவரை, நம் முன் ஒருவர் குனிந்து நிற்கக் காணும்போதெல்லாம், அவர் முதுகை வளைத்திருப்பது எது என்றும் அதில் நம் பங்கு எவ்வளவு என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.